ஜே.ஜே. ஆஸ்பத்திரியின் ஜே.ஜே. யார்? தர்மவானா, அபின் வியாபாரியா?

சயான் செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் துணையாக பைக்குலா பக்கம் ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கூட்டம் பெயருக்கு ஏற்ற மாதிரி ஜேஜே என்று இருந்தது. காத்திருந்தபோது அந்த அம்மா, "ஜே.ஜே.ன்னா யாரு, நம்ம ஜெயலலிதாவா?" என்று கேட்டார்கள். சிரித்துவிட்டேன், ஆனால் இருபது வருஷமாக மும்பையில் குப்பை கொட்டியும் எனக்கும் சரியான பதில் தெரியவில்லை. ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், பார்சிக்காரர், பெரிய தர்மவான், அவ்வளவுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஒன்பதாவது படிக்கும் மகனிடம் சொன்னால், "அம்மா, அவர் சீனாவுக்கு அபின் வித்தவர்மா" என்கிறான். பள்ளியில் மும்பையை உருவாக்கியவர்கள் என்று ஒரு புராஜெக்ட், இவனுக்கு இவர்தான் வந்திருக்கிறாராம். நல்லவரா கெட்டவரா என்று எழுதுவது, எதை முதலில் போடுவது என்று இரண்டு நாளாக என் உயிரை எடுக்கிறான். தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன். நெட்டில் தட்டிப் பார்த்தால் வருகிற நாலு வரி வேண்டாம், அதை அவனே பார்த்துவிட்டான்.

கோலிவாடா குமார்:

அக்கா, இவர்தானே டாடா கம்பெனி ஆரம்பித்தவர்? தாஜ் ஹோட்டல், ஜாம்ஷெட்பூர் எல்லாம் இவர்தான். பரேலில் இருக்கிற கேன்சர் ஆஸ்பத்திரிகூட அவர்கள் குடும்பம்தான் கட்டியது. பையனை அதையும் எழுதச் சொல்லுங்கள்.

பழைய பம்பாய்க்காரன்:

குமார் தம்பி, அவசரப்படாதே. அது ஜம்ஷெட்ஜி டாடா, 1839-ல் பிறந்தவர். நாம் பேசுகிற ஜம்ஷெட்ஜி 1859-ல் இறந்தபோது டாடாவுக்கு இருபது வயதுதான். இருவருக்கும் பூர்வீகம் குஜராத்தில் நவ்சாரிப் பக்கம், பெயரும் ஒன்று, அதனால் பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

செல்வி அம்மா, உங்கள் பையன் சொன்னதும் நிஜம், ஆஸ்பத்திரிப் பலகையும் நிஜம். இரண்டும் ஒரே கல்லாவில் இருந்து வந்தவை. கதையை ஆரம்பத்தில் இருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1783-ல் பிறந்தவர், அப்பா நெசவாளி. பதினாறு வயதில் தாயும் தகப்பனும் இல்லாமல் போய், பம்பாயில் தாய்மாமன் ஃப்ராம்ஜியிடம் ஒதுங்கினார். மாமாவுக்குக் காலி பாட்டில் வாங்கி விற்கும் தொழில், அதனால் பாட்லிவாலா என்று பட்டப்பெயர். இவரும் ஆரம்பத்தில் பாட்லிவாலாதான். நம் ஊர் வழக்கம் போலவே மாமன் மகள் ஆவாபாயைக் கட்டினார், 1803-ல். அந்தப் பெண்மணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

படிப்பு பெரிதாக இல்லை. சீனாவுக்குப் போகும் உறவினர் ஒருவருடன் கணக்குப்பிள்ளையாகக் கப்பலேறியதில்தான் ஆரம்பம். மொத்தம் ஐந்து தடவை சீனா போய் வந்திருக்கிறார். அதில் நான்காவது பயணம் சினிமாவே எடுக்கலாம். 1805, நெப்போலியன் காலம், கடலில் எங்கே பிரெஞ்சுக் கப்பல் வரும் என்று தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரன்ஸ்விக் என்ற கப்பலில் போனவரை, இலங்கைக்கு அருகே பிரெஞ்சு அட்மிரல் லினுவா கப்பலோடு பிடித்து நன்னம்பிக்கை முனைவரை கைதியாகக் கொண்டுபோய்விட்டார். சரக்கு போச்சு. படாத பாடு பட்டு டென்மார்க் கப்பல் ஒன்றைப் பிடித்துக் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

விஷயம் என்னவென்றால், அதே பிரன்ஸ்விக்கில் கப்பல் டாக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் பெயர் வில்லியம் ஜார்டின். பின்னாளில் டாக்டர் தொழிலை விட்டுவிட்டு, 1832-ல் மாத்தசன் என்பவருடன் சேர்ந்து சீனத் துறைமுகமான கான்டனில் ஜார்டின் மாத்தசன் கம்பெனியைத் தொடங்கியவர். இன்றைக்கும் ஹாங்காங்கில் பெரிய பெயர். பம்பாயில் இருந்து சரக்கு அனுப்ப ஜீஜீபாய், சீனாவில் அதைத் தள்ளிவிட ஜார்டின், இப்படியே பல வருஷம் ஓடியது. கப்பல் பிடிபட்டு இவ்வளவு லாபம் பார்த்த வியாபாரி வேறு யாரும் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பம்பாயில் அவர் வைத்த கூட்டாளிகளையும் பாருங்கள். மோதிசந்த் அமிசந்த் ஜைனர், முகமது அலி ரோகே கொங்கணி முஸ்லிம், அப்புறம் ரோஜேரியோ டி ஃபாரியா என்ற கோவாக் கிறிஸ்தவர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பக்கம் ஆள் பழக்கம். ஜைன சேட்டுகளுக்கு மத்திய இந்தியாவின் மால்வா அபின் மண்டிகள் அத்துப்படி, ஃபாரியாவுக்குப் போர்த்துகீசியர் வசம் இருந்த துறைமுகங்கள், குஜராத் பக்கம் டாமனும் சீனக் கரையில் மக்காவோவும், கைக்குள். சரக்கு பருத்தியும் அபினும். முதலில் பருத்தியில்தான் பெரிய பணம் பார்த்தார், போகப் போக அபின் முந்திக்கொண்டது. சொந்தமாகக் கப்பல்களும் வாங்கிப் போட்டார்.

கறார் கனகா:

பழைய பம்பாய்க்காரன் ஐயா கதையை ரசமாகச் சொல்கிறார், ஆனால் அபின் என்று வருகிற இடத்தில் ரெண்டு வரியில் தாண்டிப் போய்விட்டார். பையன் புராஜெக்டுக்கு அதுதான் முக்கியம், அதனால் நான் சொல்கிறேன்.

சீனாவில் அபின் விற்பதற்கு 1729-லேயே தடை வந்தாகிவிட்டது. அதனால் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பலில் அபின் ஏற்றாது. பிகார், காசிப் பக்கம் விளைந்ததைக் கல்கத்தாவில் ஏலம் விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும். கடத்துகிற வேலை தனியார் வியாபாரிகள் தலையில். மால்வா அபின் வேறு வழியில் வந்தது. அது இந்தூர், உஜ்ஜைன் பக்கத்துச் சமஸ்தானங்களில் விளைந்தது, அங்கே கம்பெனியின் ஏகபோகம் செல்லாது. ராஜஸ்தான் பாலைவனம் சுற்றி, சிந்து வழியாகக் கராச்சி போய், டாமனில் கப்பலேறியது. தடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. சரி, அடைக்க முடியாத ஓட்டையில் வரி போடுவோம் என்று 1830 வாக்கில் பெட்டிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு பம்பாய் வழியாகவே போக விட்டார்கள். 1843-ல் சிந்துவை ஆங்கிலேயர் பிடித்ததும் கராச்சி வழியும் அடைபட்டது, அதன் பிறகு வரியை ஏற்றிக்கொண்டே போய் 1847-ல் பெட்டிக்கு 400 ரூபாய். பம்பாய் வியாபாரிகள் தலையெடுத்தது இந்தச் சந்தில்தான். அதில் முதல் வரிசை ஆள் நம் ஜே.ஜே.

1839-ல் சீன அதிகாரி லின் ஸெஷு வந்து கான்டனில் இருந்த வெளிநாட்டு வியாபாரிகளை அடைத்து வைத்து 20,283 பெட்டி அபினை ஒப்படைக்க வைத்து, சுண்ணாம்பும் உப்பும் போட்டு அழித்துக் கடலில் விட்டார். அதில் பம்பாய் வியாபாரிகள் பங்கும் கணிசம். அதற்குத்தான் இங்கிலாந்து போர்க்கப்பல் அனுப்பியது. 1842-ல் நான்கிங் ஒப்பந்தம், சீனா கட்ட வேண்டிய தொகை 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர், அதில் 60 லட்சம் அழித்த அபினுக்கு மட்டும். அதே 1842-ல்தான் ஜீஜீபாய்க்கு சர் பட்டம். இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் நைட் பட்டம் என்று பெருமையாகச் சொல்கிறோம், பக்கத்திலேயே இந்த வருஷத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

"அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தார்கள்" என்று யாராவது வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் செய்யவில்லை. அதே கான்டனில் ஒலிஃபன்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி அபினைத் தொடாமலே வியாபாரம் செய்தது. இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலேயே 1840-ல், பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டன் எழுந்து இந்தப் போர் அநியாயம் என்று பேசினார். தப்பு என்று தெரியாத காலம் கிடையாது அது.

தூரிகை:

கனகா சொல்வதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நான் ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படித்தவன், அதனால் கொஞ்சம் சோற்றுக்கடன் இருக்கிறது.

அவர் கொடுத்த 1 லட்சம் ரூபாயில் 1857-ல் ஆரம்பித்தது எங்கள் கல்லூரி. மனிதர் இறப்பதற்கு ரெண்டு வருஷம் முன்னால். 1865-ல் லாக்வுட் கிப்ளிங் சிற்பம் சொல்லித்தர இங்கிலாந்தில் இருந்து வந்தார், அந்த வருஷக் கடைசியில் அவருக்குக் கல்லூரி வளாகத்திலேயே பிறந்த பையன்தான் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். கிராஃபர்டு மார்க்கெட் வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கியிருக்கும் உழவர்கள், அது லாக்வுட் கை. வி.டி. ஸ்டேஷன் (இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) சுவரில் குரங்கு, மயில், இலை, கொடி என்று ஊர்ந்துகொண்டிருக்கிறதே, அந்த அலங்காரத்தில் எங்கள் கல்லூரி மாணவர்கள் உழைப்பு உண்டு. தினமும் லட்சக்கணக்கான பேர் அதற்குக் கீழே ஓடுகிறார்கள், ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, 8.12 லோக்கல் ரயில் போய்விடும் என்ற கவலை. இந்திய சினிமாவின் தந்தை எனப்படும் தாதாசாகேப் பால்கேயும் 1885-ல் இங்கே சேர்ந்து படித்தவர்தான்.

நான் படித்த காலத்தில் யாரும் எங்களிடம் அபினைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்தப் பணத்தில் வந்த மேஜையில் உட்கார்ந்துதான் நான் கோடு போடக் கற்றுக்கொண்டேன், அதற்காகத் தூரிகையைத் தூக்கிப் போடவா முடியும்?

பழைய பம்பாய்க்காரன்:

கனகா அம்மா, தாண்டிப் போனது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அவர் மேல் ஒரு சாய்வு உண்டு. காரணம் மாஹிம் காஸ்வே, மாஹிமையும் பாந்த்ராவையும் இணைக்க நீரின் குறுக்கே போட்ட பாதை.

ஆவாபாயை ஞாபகம் வைக்கச் சொன்னேன் இல்லையா. அந்தக் காலத்தில் மாஹிமில் இருந்து பாந்த்ரா போக வேண்டும் என்றால் படகுதான். நடுவில் கழிமுகம், மழைக்காலத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். 1841-ல் படகுகள் கவிழ்ந்து ஆட்கள் போனார்கள். அரசாங்கத்திடம் கேட்டால் பணம் இல்லை. ஆவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்தார். ஒரே நிபந்தனை, இந்தப் பாதையில் போகிறவர்களிடம் சுங்கம் வாங்கக் கூடாது. 1845-ல் திறந்தார்கள். மாஹிமில் எல்.ஜே. ரோடு என்று பஸ் கண்டக்டர் கத்துகிறாரே, அந்த எல்.ஜே. லேடி ஜம்ஷெட்ஜி, இந்த அம்மாதான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது வேண்டிக்கொண்டு கட்டினார் என்று ஒரு கதையும் உலாவுகிறது, அதை நான் கதையாகவே வைத்துக்கொள்கிறேன்.

நான் முப்பது வருஷம் அந்தக் காஸ்வே வழியாக வேலைக்குப் போனவன். 2009-ல் பக்கத்திலேயே கடலுக்கு மேல் ஸீ லிங்க் திறந்தார்கள், அதில் டோல் கட்டித்தான் ஏற வேண்டும். கார் வைத்திருக்கும் மருமகன் அதில் போகிறான், நான் இன்றைக்கும் பஸ்ஸில் ஓசியில் கடக்கிறேன். பஸ் டிக்கெட் வேறு, பாதைக்கு ஓசி என்று சொல்ல வந்தேன்.

ஆஸ்பத்திரியும் இதே மாதிரிதான். நான் 1 லட்சம் போடுகிறேன், அரசாங்கமும் அதே அளவு போட வேண்டும் என்று பேசி, 1843-ல் அஸ்திவாரம், 1845-ல் திறப்பு. கவர்னர் ராபர்ட் கிரான்ட் நினைவாகப் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. 1851-ல் அங்கே முதல் மாணவர் கூட்டத்தில் தேறியவர்களில் ஒருவர், பின்னாளில் பம்பாயில் பெயர் பெற்ற டாக்டர் பாவ் தாஜி. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தபோது ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி தடுப்பூசி கண்டுபிடித்ததும் அந்தக் கல்லூரியில்தான். 1897 ஜனவரியில் முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார் மனிதர். ஜீஜீபாய் இதையெல்லாம் நினைத்துக் கொடுத்திருக்க மாட்டார், இருந்தாலும் கட்டடம் அங்கே இருந்தது.

கோலிவாடா குமார்:

டாடா குழப்பத்துக்கு மன்னிக்கவும். ஒரு சந்தேகம், இவ்வளவு கொடுத்தது நிஜமாகவே இரக்கத்திலா, இல்லை வெள்ளைக்காரனிடம் பட்டம் வாங்கவா? இன்றைக்குக் கம்பெனிகள் போட்டோ எடுத்து தானம் செய்கிற மாதிரி இல்லையா இது?

கறார் கனகா:

குமார், நல்ல கேள்வி. ரெண்டும் கலந்துதான் இருந்திருக்கும், பிரித்து எடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டம் கிடைப்பதற்கு இருபது வருஷம் முன்னால், 1822-ல், பம்பாய்க் கடன் சிறையில் கிடந்த ஏழைகளின் கடனை எல்லாம் அவர் கட்டி வெளியே விட்டிருக்கிறார். அதற்கு யாரும் சர் பட்டம் தரப்போவதில்லை, கடன் என்றால் என்ன என்று தெரிந்த வியாபாரி செய்கிற காரியம் அது. இதைச் சொல்ல எனக்கு ஒன்றும் கூச்சம் இல்லை.

ஆனால் பட்டத்தில் ஆசை இருந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1857-ல் பாரோனெட் ஆனார், அதுவும் இந்தியரில் முதல். வடக்கே சிப்பாய்கள் எழுந்து நின்ற வருஷம் அது. பாரோனெட் பட்டம் வாரிசுக்குப் போகும், அந்த அந்தஸ்தை நடத்தப் பணமும் மாளிகையும் தனியாகக் கட்டி வைத்தார்கள். அவர் இறந்த அடுத்த வருஷம், 1860-ல், பட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு வாரிசும் தன் பெயரை விட்டுவிட்டு ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாக ஒரே பெயர். பாட்டில் வியாபாரி வீட்டில் ஒதுங்கிய பையனுக்கு இது சின்ன விஷயமா என்ன?

இன்னொன்று. தானம் வாங்கியவர்கள் எல்லோரும் பம்பாய், பூனா, குஜராத் பக்கத்து ஆட்கள். பூனாவில் முளா முட்டா ஆற்றில் பண்ட் கார்டன் அணை இருக்கிறதே, அதற்கும் பெரும் பங்கு இவர் பணம்தான். ஆனால் பணம் வந்த ஊருக்கு என்ன போனது? கான்டனில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிகூட இவர் பெயரில் நான் பார்க்கவில்லை. அபின் பழக்கத்தில் படுத்தவன் அங்கே, மருந்து வாங்கிக் குடித்தவன் இங்கே. இவர் ஒருத்தரைத் தனியாகத் திட்டவில்லை, டேவிட் சாஸூன் குடும்பமும் அபினில் சம்பாதித்துத்தான் நமக்கு நூலகம், பூனாவில் ஆஸ்பத்திரி எல்லாம் தந்தது. அமெரிக்காவில் பாஸ்டனிலும் இதே கதை, துருக்கி அபினைச் சீனாவில் விற்ற பெர்கின்ஸ் பெயரில் பார்வையற்றோர் பள்ளி இன்றும் நடக்கிறது.

தூரிகை:

கனகா, கடைசிப் பத்தி எனக்குத் தூக்கம் கெடுக்கிற பத்தி. பதில் இல்லை.

சயான் செல்வி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்தான். கப்பல் பிடிபட்ட கதையை மட்டும் மூன்று தடவை. காஸ்வேக்கு சுங்கம் வேண்டாம் என்று சொன்ன அம்மாவைப் பற்றி எனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போய்விட்டதே என்று இருக்கிறது, எல்.ஜே. ரோட்டில் துணி தைக்கக் கொடுக்கப் போகாத மாதம் கிடையாது.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. சர்னி ரோடு ஸ்டேஷன் பெயரும் இவரால் வந்தது என்று யாரோ சொன்னார்கள், நிஜமா? அப்புறம், டீச்சர் ஒரே பக்கத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். இவன் எழுதியது இப்போதே நாலு பக்கம். எதை வெட்டுவது?

பழைய பம்பாய்க்காரன்:

சர்னி ரோடு பற்றிச் சொல்லப்படுவது இது. ஊருக்குள் மாடு மேய்க்க அரசாங்கம் கட்டணம் போட்டது, கட்ட முடியாதவர்களின் மாடுகளைப் பிடித்துப்போனார்கள். 1838 வாக்கில் இவர் 20,000 ரூபாய்க்குக் கடலோரம் புல்வெளி வாங்கி இலவசமாக மேயவிட்டார். மராத்தியில் சர்ணே என்றால் மேய்வது, அதிலிருந்து சர்னி. தானே பக்கம் செந்தணி என்ற இடத்தில் இருந்து வந்து குடியேறியவர்களால் வந்த பெயர் என்று இன்னொரு கட்சி சொல்கிறது. ரெண்டில் எதற்கும் நான் சத்தியம் செய்யத் தயார் இல்லை, ஆனால் புராஜெக்டில் "என்றும் சொல்வார்கள்" என்று போட்டால் டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

வெட்டுவதற்கு நான் ஆள் இல்லை அம்மா, எனக்குக் காஸ்வேயை வெட்ட மனசு வராது.

கறார் கனகா:

1842-ஐ வெட்ட வேண்டாம். பட்டமும் ஒப்பந்தமும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், விளக்கம்கூட வேண்டாம். கப்பல் கதையை மூன்று வரியாக்கலாம்.

சயான் செல்வி:

கப்பலை வெட்டினால் சாப்பிட மாட்டேன் என்கிறான்.

கோலிவாடா குமார்:

நான் முதலில் சொன்ன டாடா பாரா இருந்தால் அதை வெட்டச் சொல்லுங்கள் அக்கா, அரைப் பக்கம் மிச்சம்.